பலகையில் எழுதப்படாத பொட்டலம்

நவம்பர் பதினொன்றாம் நாள், புதன்கிழமை. முன்னிரவில் தொடங்கிய தூறல் விடிந்த பின்னும் விட்டபாடில்லை. கீழைக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து கதவிடுக்குகளில் எல்லாம் கை நுழைத்துப் பார்த்தது. நல்ல திடமான மனிதருக்கே மூட்டு முனகும் வானிலை. இருபத்தெட்டு வயதை எட்டிய ஒரு மட்டக்குதிரைக்கு அது எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மிளகு என்னும் அந்தச் சாம்பல்நிறப் பெண்குதிரை மேய்ச்சல் திடலில் படுத்துவிட்டு எழ முடியாமல் நாற்பது நிமிடங்கள் தவித்தது ஒன்பது நாட்களுக்கு முன்பு. இறுதியில் அவள் எழுந்துவிட்டாள். ஆனால் அன்று விழுந்த பேச்சு எழவே இல்லை.

"குளிர் முத்துறதுக்குள்ள அவள அனுப்பி வெச்சிடணும்க்கா. ஒரு ஊசி. வலியில்லாம போயிடுவா," என்றான் தம்பி. குதிரைகளுக்கு லாடம் அடிப்பது அவன் தொழில்.

"இந்த வார்த்தை உன் வாயில வந்துச்சுல்ல? இனி அந்த வாயோட எங்கிட்ட வராத," என்றாள் அக்கா. திரைச்சீலை தைப்பது அவள் தொழில்.

ஒரே முற்றத்தின் இரு பக்கங்களில் இருவர் வீடுகளும், நடுவே லாயமும். அந்த முற்றத்தில் அக்காளும் தம்பியும் ஒன்பது நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசவேண்டியதை எல்லாம் லாயக் கதவில் மாட்டியிருந்த கரும்பலகைதான் பேசியது. தீவனம், நடை, தண்ணீர், மருந்து, லத்தி என ஐந்து கட்டங்கள். செய்தவர் செய்ததை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது பல்லாண்டு வழக்கம். இப்போது அதன் ஓரத்தில் வேறு சில வாசகங்களும் முளைத்திருந்தன.

"தண்ணீர் வாளியைக் கழுவுவது யார் என்று அறிய விரும்புகிறேன்" என்று அக்கா எழுதினாள்.

"கழுவியவர் அறிவார்" என்று தம்பி பதில் எழுதினான்.

இந்த இருவரின் கையெழுத்துக்கும் நடுவே, திங்கட்கிழமை முதல் தம்பியின் மனைவியுடைய பெரிய எழுத்துகள் நின்றன: "செவ்வாய், புதன் இரண்டு நாளும் வலிப்பொடி கிடையாது. டாக்டரம்மா உத்தரவு."

மிளகின் இடது முன்னங்காலின் முட்டியில் எலும்போடு எலும்பு உரசுவதை எக்ஸ்ரே படம் காட்டியிருந்தது. நாளுக்கு ஒரு பொட்டலம் வலிப்பொடியின் தயவில்தான் அவள் நடமாடினாள். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கொடுத்தால் குடல் புண்ணாகும் என்று பெட்டியின் மீதே அச்சிட்டிருந்தது. புதன் மாலை நான்கு மணிக்கு வந்து, பொடியின் மறைப்பு இல்லாத காலைப் பார்க்கவேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். மிளகு முற்றத்தை ஒருமுறை கடந்து, திரும்பி வரவேண்டும். இயலாவிட்டால், பேசவேண்டிய பேச்சு வேறு.

அந்த வேறு பேச்சு எது என்று எவரும் கேட்கவில்லை.

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு அக்கா லாயத்துக்குள் சென்றாள். ஈரக்காற்றில் அவளுடைய விரல் மூட்டுகளும் மடங்க மறுத்தன. தாழ்ப்பாளை இரு கைகளாலும் நெம்பித்தான் திறந்தாள். மிளகு சுவரோரமாய் நின்றிருந்தாள். இடது முட்டி சற்றே மடங்கிக் காற்றில் தொங்கியது. காதுக்குப் பின்னால் வியர்வை. வாசலில் இருந்த படியை எடுத்துவிட்டுத் தம்பி சாய்பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தான். அந்தச் சிறு சரிவை அவள் ஓர் ஆற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஒரு அடி வெச்சுக் காட்டுடீ, என் ராசாத்தி."

மிளகு ஓர் அடி வைத்தாள். வைத்த காலைச் சுட்டதுபோல் எடுத்துவிட்டாள்.

மாலை நான்கு மணி அக்காவின் கண்முன் வந்து நின்றது. அலமாரியில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தாள். தேன் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றில் ஒரு பொட்டலப் பொடியைத் தூவி, மடித்து, மிளகின் உதடுகளுக்கு இடையே செலுத்தினாள். பின்னர் பலகையின் முன் வந்து நின்றாள். சுண்ணக்கட்டியை எடுத்த கை, மருந்து என்னும் கட்டத்தருகே சென்று, எதுவும் எழுதாமல் திரும்பியது. இருபது ஆண்டுகளில் அவள் எழுதாமல் விட்ட முதல் கட்டம் அது.

பத்து மணிக்கு அவள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாள். சன்னல் வழியாக லாயம் தெரிந்தது. மிளகு தானாகவே சாய்பலகையில் இறங்கி, முற்றத்தின் மறுமுனை வரை சென்று, வேலி மீது தலை வைத்து நின்றாள். அக்காவின் நெஞ்சு முதலில் குளிர்ந்தது. பிறகு வேறுவிதமாய்க் குளிர்ந்தது. ஒரு பொட்டலத்துக்கு அவள் இப்படி நடந்து கண்டதில்லையே!

தம்பியின் மனைவி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுபவள். அவள் வாயும் அவ்வாறே, எந்தத் தெருவிலும் திரும்பும்.

"அண்ணி, உங்க தம்பி கேக்கச் சொன்னாரு. நாலு மணிக்குக் குதிரைய யாரு புடிச்சு நடத்துறது?"

"பலகையில எழுதச் சொல்லு."

"சாரல்ல அழிஞ்சிடுதாம்."

"அப்ப அவனே வந்து கேக்கட்டும். கால்ல லாடமா அடிச்சிருக்கு, நடக்க முடியாம?"

"நல்லா இருக்கு! ஒரு முற்றம் தாண்டறதுக்கு நடுவுல ஒரு தூது. தபால்காரருக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. எனக்கு அதுவும் இல்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "கட்டைவிரல்ல என்ன பிளாஸ்திரி?"

"காய் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு."

"நீ என்ன நெனைக்கிற? மிளகு தேறுவாளா?"

"என்னக் கேக்காதீங்க. எனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? நான் இந்த வீட்டுக்கு வந்த மொத நாளே என் கைப்பை வாரத் தின்னவ அவ." இதைச் சொல்லும்போது அவள் பார்வை சன்னலுக்கு வெளியே போயிருந்தது. "இருந்தாலும், இன்னிக்கு நல்லாத்தான் நடக்குறா. இல்லண்ணி?"

"அவனையே புடிச்சு நடத்தச் சொல்லு. அவன்தான் நடத்தணும். அவன் கண்ணாலயே பாக்கட்டும்," என்றாள் அக்கா.

நண்பகலில் வைத்த தவிட்டை மிளகு பாதியில் விட்டாள். வாளித் தண்ணீரில் வாயை வைக்கவே இல்லை. அக்கா அந்த இரண்டையும் பலகையில் எழுதினாள். மருந்துக் கட்டம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது.

நான்கு மணி அடிக்கவும் மருத்துவர் வரவும் சரியாக இருந்தது. குட்டையான உருவம், முழங்கால் வரை சேறு படிந்த ரப்பர் காலணி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத வாய். முட்டியைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து முன்னங்கால்களின் கணுக்களைத் தடவினார்.

"இந்தக் காயம் எப்படி வந்துச்சு?"

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"எத்தனை நாளா படுக்கல?"

"ஒம்பது நாளா," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்னபின் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

"படுத்தா எழ முடியாதுன்னு பயந்து நின்னுக்கிட்டே இருக்கா. தூக்கம் மீறிப்போய் அப்படியே முன்னால சரியுறா. கணுக்கால் தரையில தேய்ஞ்ச காயம் இது. இவ ஒம்பது நாளா ஒழுங்கா தூங்கல."

அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஐந்து கட்டங்கள் போட்ட பலகையில் தூக்கத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

"நடத்துங்க லாடக்காரரே."

தம்பி தலைக்கயிற்றைப் பிடித்து நடந்தான். மிளகு நடந்தாள். முற்றத்தின் முனைவரை சென்று திரும்பும்போது, யாரும் கேளாமலே நாலடி துள்ளு நடையும் போட்டாள். தம்பியின் முகம் கல்லாக இருந்தது. மருத்துவர் இன்னொரு முறை நடத்தச் சொன்னார். அப்போதும் அதே நடைதான்.

"நான் எக்ஸ்ரேல பார்த்த முட்டி இப்படி நடக்காது," என்றார் மருத்துவர் மெதுவாக. "ஆனா கண்ணால பாக்குறத எப்படி இல்லன்னு சொல்றது? நேத்தியிலருந்து மருந்து ஒண்ணும் உள்ள போகலியே?"

தம்பி மிளகை லாயத்தின் தகரக் கூரைக்கடியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"போகல," என்றாள் அக்கா.

"போகல," என்றான் தம்பி.

அவன் ஏன் தனக்காகச் சாட்சி சொல்கிறான் என்பது அக்காவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவகாசமும் கிடைக்கவில்லை.

"சரி. இப்படி நடக்குறவள அனுப்பி வெக்கிற பேச்சுக்கே இடமில்ல," என்றபடி மருத்துவர் பையைத் திறந்தார். அக்கா வென்றுவிட்டாள்! "ரெண்டு நாளா மருந்தில்லாம இந்த ஈரத்துல நின்னிருக்கா. ஒரு வலி ஊசி நரம்புல போட்டுட்டுப் போறேன். பொடி உள்ள இருந்தா இதத் தொடவே மாட்டேன். ரெண்டும் சேர்ந்தா குடலையும் சிறுநீரகத்தையும் ஒரே ராத்திரியில கெடுத்துடும். பொடிதான் போகலியே, பயமில்ல."

கழுத்தில் பஞ்சு தேய்த்த இடம் ஈரமாய் மின்னியது. மருத்துவரின் கட்டைவிரல் அழுத்தத்தில் நரம்பு புடைத்து எழுந்தது. ஊசியின் முனை நெருங்கியது.

பேசாதிருந்தால் ஊசி இறங்கும். பேசினால் சற்றுமுன் கிடைத்த உயிர் கைவிட்டுப் போகும்.

"நில்லுங்க!" என்றாள் அக்கா.

அதே கணத்தில் தம்பியின் உள்ளங்கை ஊசிக்கும் கழுத்துக்கும் இடையே வந்து மறித்தது.

மருத்துவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நான்தான் குடுத்தேன், டாக்டரம்மா. விடியறதுக்கு முன்னாடி. ஒரு பொட்டலம்."

"நீயா?" தம்பியின் குரல் உடைந்தது. "நான் ஆறரைக்குக் குடுத்தேனேக்கா! கேரட்டக் குடைஞ்சு உள்ள வெச்சு."

"நீ எதுக்குடா குடுத்த? அனுப்பிடலாம்னு சொன்னவன் நீதானே?"

"சொன்னேன்தான்." அவன் தலைக்கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். "நேத்து குளம்பு சீவினேன். காலத் தூக்க முடியாதுன்னு நான் தரையில மண்டி போட்டுத்தான் சீவுவேன். ஒரு நாளைக்கு ஒரு கால்தான், அதுக்கு மேல அவளால ஆகாது. நேத்து அந்த ஒரு காலுக்கே வலி தாங்காம என் தோள் மேல தலைய வெச்சுக்கிட்டா. அந்தக் கனம் ராத்திரி முழுக்க இறங்கலக்கா. சோதனையில தோத்துடுவாளோன்னு கை தானா பெட்டிக்குப் போயிடுச்சு."

"பலகையில எழுதியிருக்கலாம்ல?"

"நீ எழுதுனியா?"

மருத்துவர் ஊசியை மூடிப் பையில் வைத்தார். கோபப்பட்டால்கூடத் தேவலை போலிருந்தது. "அந்தப் பெட்டியக் கொண்டாங்க. எப்பத் திறந்தீங்க?"

"திங்கக்கிழமை. பத்துப் பொட்டலம். அன்னிக்கு ஒண்ணு போட்டோம்," என்றாள் அக்கா.

"மீதி ஒம்பது. நீங்க ஒண்ணு, அவரு ஒண்ணு. ஏழு இருக்கணும்." மருத்துவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஆறுதான் இருக்கு."

மூவரும் ஒருசேரத் திரும்பினார்கள். லாய வாசலில், குடையைப் பிடித்தபடி, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நின்றுகொண்டிருந்தவளின் முகம் வெளுத்தது.

"என்ன எதுக்குப் பாக்குறீங்க?"

"விரல்ல என்ன காயம்?" என்று கேட்டாள் அக்கா.

குடை மெல்லத் தாழ்ந்தது. "கத்தி இல்லண்ணி. அவ பல்லுதான். ஏழு மணிக்கு, வேன் எடுக்கப் போறதுக்கு முன்னாடி. ஆப்பிள் துண்டு நடுவுல பொடிய வெச்சு நீட்டினேன். நறுக்குன்னு கடிச்சா. வலியில கத்திட்டு ஓடிட்டேன். முழுங்கினாளா துப்பினாளான்னு பாக்கல."

"உனக்கும் அவளுக்கும் என்னடீ சம்பந்தம்?" என்றான் தம்பி.

"ஆமா. பெரிசா கேட்டுட்டீங்க. அவ போயிட்டா நீங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் பேசிக்க மாட்டீங்க. அப்புறம் நான் யாருக்குத் தூது போறது?" சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.

"அழுகை அப்புறம்," என்றார் மருத்துவர். "ரெண்டுன்னா இங்கயே சமாளிக்கலாம். மூணுன்னா இப்பவே வண்டியில ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். மூணு மணி நேரம் ஓடுற வண்டியில இந்தக் கால் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. அந்த ஆப்பிளத் தேடுங்க."

நால்வரும் மண்டியிட்டார்கள். தரை முழுதும் முழங்கை ஆழத்துக்கு மரத்தூள். மிளகின் மூட்டுக்கு மெத்தென்று இருக்கவேண்டும் என்று அக்கா தானே கொட்டி நிரப்பியது. தம்பி வாரியால் இழுத்தான். அவன் மனைவி கை நிறைய அள்ளி அள்ளிப் பார்த்தாள். ஒரு மூலை முடிந்தது. இரண்டாம் மூலையும் முடிந்தது. ஒன்றுமில்லை. மருத்துவர் கைபேசியை எடுத்து வண்டிக்காரரின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தையலறையில் துணிக்குள் தொலைந்த குண்டூசியை அவள் கண்ணால் தேடுவதில்லை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, அழுத்தாமல், துணி முழுவதும் நீவிக்கொண்டே போவாள். ஊசி தானாகக் கையைத் தொடும். அதே போல் மரத்தூளின் மேல் நீவினாள். தீவனத் தொட்டியின் அடியில், ரப்பர் பாயின் விளிம்பு மடிந்திருந்த இடத்தில், ஈரமாய் ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது.

பழுப்பேறிய ஆப்பிள் துண்டு. ஓரத்தில் நான்கு பற்களின் தடம். நடுவில் வெள்ளைப் பொடி, கட்டியாய், குலையாமல்.

மருத்துவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். "முழுசா இருக்கு. ரெண்டுதான்."

தம்பியின் மனைவி மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். "துப்பின புண்ணியவதி," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "இனிமே என் கைப்பை முழுசையும் தின்னுக்கட்டும்."

குடலைக் காக்கும் மருந்தை வாய்வழியே புகட்டிவிட்டு, மருத்துவர் பலகையின் முன் நின்றார். "ஏழு மணிக்குள்ள தண்ணி குடிக்கணும், லத்தி போடணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலேன்னாலும் என்னக் கூப்பிடுங்க. பொடியோட வேகம் நாளைக்கு விடியும்போது இறங்கிடும். அப்ப வலி மொத்தமா திரும்பும். பயப்படாதீங்க, ஆனா தயாரா இருங்க. பெட்டி எங்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மறுபடி வர்றேன். இன்னிக்கு நான் சோதிச்சது மிளக இல்ல, உங்க மூணு பேரத்தான். நீங்க தேறல."

வண்டியின் சத்தம் தேய்ந்து மறைந்தது. கவிழ்த்த இரு வாளிகளில் அக்காளும் தம்பியும் அமர்ந்தார்கள். எதிரே, தண்ணீர் நிரம்பிய வாளியும், அதைக் கண்டும் காணாததுபோல் நின்ற மிளகும்.

"சாய்பலகை போட்டது நீதானே?" என்றாள் அக்கா.

"ஆமா."

"எழுதவே இல்லையே."

"திட்டுவியோன்னு நெனச்சேன்."

"பலகை நல்லா இருந்துச்சு. ஆணிதான் ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கு."

"பாத்தியா! திட்டுற!"

ஆறு மணி இருபது நிமிடத்துக்கு மிளகு தலையைத் தாழ்த்தினாள். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும் ஒவ்வொரு மடக்கையும் மூவரும் மூச்சடக்கிக் கேட்டார்கள். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், சூடு பறக்க, மிகுந்த பெருந்தன்மையோடு அவள் லத்தியும் போட்டாள். அக்காவின் கண்ணில் நீர் திரண்டது.

"லத்தியப் பாத்து அழுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றான் தம்பி. அவன் குரலும் சரியாக இல்லை.

அவன் மனைவி பலகையைத் துடைத்து, ஆறாவதாக ஒரு கட்டம் போட்டாள்: தூக்கம்.

அப்போதுதான் மிளகு காலால் மரத்தூளைக் கிளறினாள். ஒருமுறை வட்டமிட்டாள். மீண்டும் ஒருமுறை வட்டமிட்டாள். முன்னங்கால்கள் மடியத் தொடங்கின.

தம்பி பாய்ந்து எழுந்தான். "படுக்கப் போறாக்கா! வலி தெரியாததால படுக்குறா. விடியறப்போ பொடி இறங்கிடும், அந்த முட்டிய வெச்சு எழவே முடியாது! கயிறு எங்க?"

கயிறு அக்காவின் கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்கியது. அவள் அதை எடுத்தாள். தம்பி கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"ஒம்பது நாளா தூங்கலடா."

"எழலேன்னா?"

அக்கா மிளகைப் பார்த்தாள். முட்டிகள் மரத்தூளைத் தொட்டன. உடல் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. வாய்வழியே ஒரு நீண்ட மூச்சு வெளிப்பட்டது. ஒன்பது நாளும் அடக்கி வைத்திருந்த மூச்சு அதுதானோ என்னவோ. இமைகள் பாதி மூடின.

"எழலேன்னா அதையும் நானே எழுதறேன்," என்றாள் அவள். "தூங்கட்டும்."

தம்பியின் கை தாழ்ந்தது. அவன் மேலங்கியைக் கழற்றி மிளகின் முதுகின்மேல் போர்த்தினான். அக்கா சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையின் புதிய கட்டத்தில், விரல் வலிக்க வலிக்க, தெளிவாக எழுதினாள்: "படுத்தாள். மாலை மணி ஏழு பன்னிரண்டு."